கேமில் இயற்பியல் எங்கே ஓடுகிறது? கணினி, கன்சோல், கைப்பேசி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கேம் ஆடுகிற பிள்ளைகள், சொந்தமாகக் கேம் செய்து பார்க்கிற மாணவர்கள், அவர்களுக்காகப் பணம் கொடுக்கிற பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. "இந்தக் கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் இயற்பியல் நன்றாக ஓடும்" என்ற பேச்சை நம்பி, சேர்த்து வைத்த வெள்ளியைச் செலவழித்து ஏமாறுகிறவர்கள் நம் பக்கம் அதிகம். வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு சொல் விளக்கம். 'ஃபிஸ்எக்ஸ்' என்று இங்கே எழுதுவது, கிராஃபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியா நிறுவனத்தின் இயற்பியல் மென்பொருளை. பொதுவான இயற்பியலை 'இயற்பியல்' என்றே எழுதுகிறோம். பேச்சில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால்தான் பாதிக் குழப்பம்.

கேமில் இயற்பியல் கணக்கு என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

ஆலைக்குப் போகும் லாரியில் 200 செம்பனைக் குலைகள் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லாரி பள்ளத்தில் இறங்கும்போது குலைகள் எப்படி அசையும் என்று கேம் கணக்கிட வேண்டும். எந்தக் குலை எதைத் தொடக்கூடும் என்று ஜோடி ஜோடியாகப் பார்த்தால் 19,900 ஜோடிகள் வரும். அதனால் முதலில் தொலைவில் இருப்பவற்றைத் தோராயமாகக் கழித்துவிடுவார்கள். மிஞ்சியவற்றில் எது, எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் தொடுகிறது என்று துல்லியமாகப் பார்ப்பார்கள். கடைசியில் தொடும் இடங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிச் சரிசெய்வார்கள். சிக்கல் இந்தக் கடைசி வேலையில்தான். ஒரு குலையை நகர்த்தினால் பக்கத்துக் குலை மறுபடி இடிக்கும். ஆகவே அதே திருத்தத்தைப் பலமுறை சுற்ற வேண்டும். கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில் இயல்பாக 6 சுற்று. மேல் குலையின் எடை அடிக் குலைவரை போய்ச் சேர அந்த 6 சுற்றுப் போதாதபோதுதான் உயரமான குவியல் நடுங்கிச் சரிகிறது.

விநாடிக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படத்துக்கு மொத்தம் 16.67 மில்லிவிநாடி. வரைதல், ஒலி, எதிரிகளின் மூளை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். இயற்பியலுக்குக் கிடைப்பது சில மில்லிவிநாடிகள் மட்டுமே.

இப்போது குலை தரையில் விழுந்து உதிரிப் பழங்கள் சிதறுவதை நினைத்துப் பாருங்கள். ஒரு பழத்துக்கு இன்னொரு பழம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டியதில்லை. 10,000 பழங்களையும் ஒரே நேரத்தில், தனித்தனியாகக் கணக்கிடலாம். கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும், ஆயிரக்கணக்கான சிறு கணக்குக் கருக்களைக் கொண்ட ஜிபியூவுக்கு இது கைவந்த வேலை. குலைகளைக் கணினியின் முதன்மைச் செயலியான சிபியூவிடமும் உதிரிப் பழங்களை ஜிபியூவிடமும் கொடுப்பதுதான் பெரும்பாலான கேம்களின் ஏற்பாடு.

குலைகளையும் ஜிபியூவிலேயே ஓட்டிவிடலாமே?

ஓட்டலாம். அதற்கான வழிகள் இருக்கின்றன. ஆனால் குண்டு பட்டதா, கதவு திறந்ததா, கால் தரையில் இருக்கிறதா என்று முடிவெடுக்கும் நிரல் சிபியூவில் இருக்கிறது. ஜிபியூ கணக்கிட்ட விடையைத் திரும்ப வாங்க வேண்டும் என்றால், அது வரைந்துகொண்டிருக்கும் படங்களை முடிக்கும்வரை ஓரிரு படங்கள் காத்திருக்க வேண்டிவரும். ஆட்டக்காரர் கையில் அந்தத் தாமதம் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. ஒருவர் வீட்டில் கார்டு இருக்கும், இன்னொருவர் வீட்டில் இருக்காது. சுவர் ஒருவருக்கு இடிந்து இன்னொருவருக்கு இடியாமல் நின்றால் அது இரண்டு வேறு கேம். ஆகவே ஜிபியூ இயற்பியல் துணி, புகை, கண்ணாடித் தூள், பொறி, தண்ணீர் என அலங்காரத்தோடு நின்றது. அலங்காரம் என்பதால் குறைத்துச் சொல்லவில்லை. காற்றில் ஆடும் துணி ஒன்று போதும், காட்சிக்கு உயிர் வந்துவிடும்.

இயற்பியலுக்கென்றே தனிக் கார்டு இருந்ததாமே?

இருந்தது. அஜியா என்ற நிறுவனம் 2006-இல் ஃபிஸ்எக்ஸ் கார்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய பிசிஐ பொருத்துமிடத்தில் செருகும் கார்டு, 128 எம்பி நினைவகம். ஆதரித்த கேம்கள் குறைவு, விலை அதிகம். 2008-இல் என்விடியா அந்த நிறுவனத்தை வாங்கி, அதே மென்பொருளைக் குடா (கார்டில் பொதுக் கணக்குகளை ஓட்டும் என்விடியாவின் ஏற்பாடு) வழியாக ஜிஃபோர்ஸ் 8 வரிசை முதல் தன் கார்டுகளில் ஓட வைத்தது. அஜியா கார்டு எங்காவது மலிவாகக் கிடைத்தால் நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். இன்றைய கேமுக்கு உதவாது.

புதிதாக ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு வாங்கினேன். பார்டர்லேண்ட்ஸ் 2 என் பழைய கார்டைவிட மோசமாகத் திக்குகிறது. கார்டு பழுதா, அண்ணே?

பழுதில்லை. கடையில் சண்டை போட வேண்டாம்.

2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் பழைய 32-பிட் நிரல்களுக்கான குடா ஆதரவை என்விடியா நீக்கியது. 2008 முதல் ஏறத்தாழ 2013 வரை வந்த ஃபிஸ்எக்ஸ் கேம்களில் பெரும்பாலானவை 32-பிட் நிரல்கள். அவற்றில் ஃபிஸ்எக்ஸை 'ஹை'யில் வைத்தால் வேலை முழுவதும் சிபியூவின் தலையில் விழும். அந்தக் காலத்து ஃபிஸ்எக்ஸின் சிபியூ நிரலோ மிகப் பழைய எக்ஸ்87 கட்டளைகளில் எழுதப்பட்டது. பல கருக்களையும் அது சரியாகப் பயன்படுத்தாது. அதனால்தான் புத்தம் புதிய சிபியூகூட கண்ணாடி உடையும் காட்சியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. 2011-இல் வந்த ஃபிஸ்எக்ஸ் 3 இந்தக் குறையைச் சரிசெய்தது என்றாலும், ஏற்கெனவே வெளியான கேம்களுக்கு அதனால் பயனில்லை.

2025 டிசம்பரில் என்விடியா 591.44 டிரைவரில் (டிரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள்) சில கேம்களுக்கு மட்டும் அந்த ஆதரவைத் திரும்பக் கொடுத்தது. பார்டர்லேண்ட்ஸ் 2, மிரர்ஸ் எட்ஜ், மாஃபியா 2, மெட்ரோ 2033, பேட்மேன் ஆர்க்கம் சிட்டி ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. ஆகவே முதல் வேலை டிரைவரைப் புதுப்பிப்பது. உங்கள் கேம் பட்டியலில் இல்லையென்றால் கேமின் அமைப்பில் ஃபிஸ்எக்ஸைக் குறைத்தோ அணைத்தோ விடுங்கள். கதையும் ஆட்டமும் மாறாது.

கேம் 32-பிட்டா 64-பிட்டா என்று பார்க்க, அதை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'டீடெயில்ஸ்' பக்கத்தில் பத்தித் தலைப்பின் மேல் வலது சொடுக்கு போட்டு, 'பிளாட்ஃபார்ம்' பத்தியைச் சேருங்கள். ஆர்க்கம் நைட் போன்ற 64-பிட் கேம்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரையிலான கார்டுகளுக்கும் கிடையாது.

பழைய என்விடியா கார்டை இரண்டாவதாகச் செருகி, ஃபிஸ்எக்ஸுக்கு மட்டும் விடலாமா?

விடலாம். ஆனால் இரண்டு கார்டையும் ஒரே டிரைவர் ஓட்ட வேண்டும், பலர் தவறுவது இங்கேதான். ஜிடிஎக்ஸ் 750 டிஐ, ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1060 போன்ற மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு 580 வரிசைதான் கடைசி டிரைவர். மேலே சொன்ன 591.44-ஐப் போட்டால் அந்தப் பழைய கார்டு எழுந்திருக்காது. எனவே இரண்டில் ஒன்று: 580 வரிசை டிரைவரிலேயே நின்று ஜிடி 1030-ஐத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஜிடிஎக்ஸ் 1650 போன்ற டூரிங் தலைமுறைக் கார்டைத் துணைக்குப் போட்டுப் புதிய டிரைவருக்குப் போங்கள்.

ஜிடி 1030-க்கு 30 வாட் போதும். ஜிடிஎக்ஸ் 1650-க்கு 75 வாட். இரண்டாவது கார்டு முதல் கார்டின் விசிறி வாயை அடைக்காதபடி இடைவெளி இருக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால் ஃபிஸ்எக்ஸால் கிடைத்த வேகத்தைச் சூடு விழுங்கிவிடும். ஒன்றிரண்டு பழைய கேம்களுக்காக மட்டும் என்றால், எங்கள் எண்ணத்தில் இது செலவுக்கு ஏற்ற வேலை இல்லை.

ஃபிஸ்எக்ஸ் இப்போது எதில் ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, மேலே உள்ள '3டி செட்டிங்ஸ்' மெனுவில் ஃபிஸ்எக்ஸ் காட்டியை இயக்குங்கள். கேம் திரையின் மூலையில் சிபியூ அல்லது ஜிபியூ என்று எழுத்து வரும். ஓடும் இடத்தை மாற்ற 'கான்ஃபிகர் சரவுண்ட், ஃபிஸ்எக்ஸ்' பக்கத்துக்குப் போய்க் கார்டின் பெயரைத் தேர்ந்தெடுக்கலாம். எழுத்தே வரவில்லை என்றால் அந்தக் கேம் பெரும்பாலும் ஜிபியூ ஃபிஸ்எக்ஸைப் பயன்படுத்தவில்லை. அதில் வேறு இயற்பியல் மென்பொருள் (இதை 'இயந்திரம்' என்பார்கள்) இருக்கலாம், உதாரணமாக ஹேவொக்.

மிகப் பழைய கேம் திறக்கும்போதே ஃபிஸ்எக்ஸ் இல்லை என்று பிழை காட்டினால், என்விடியா தளத்திலிருந்து 9.13.0604 எண்ணுள்ள 'லெகசி' தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். புதிய டிரைவரோடு வரும் தொகுப்பில் அந்தப் பழைய கோப்புகள் இல்லை.

எஎம்டி அல்லது இன்டெல் கார்டு வைத்திருக்கிறேன். எனக்கு ஒன்றுமே கிடைக்காதா?

குடா வழியாக ஓடும் ஃபிஸ்எக்ஸ் அலங்காரங்கள் கிடைக்காது. ஆனால் 2009-இல் டைரக்ட்எக்ஸ் 11 வந்தபின் எந்தக் கார்டிலும் கணக்குப் போடும் 'கம்ப்யூட் ஷேடர்' பொதுவாகிவிட்டது. 2013-இல் வந்த டூம் ரைடர் கேமில் தலைமுடி ஆடுவது எஎம்டியின் டிரெஸ்எஃப்எக்ஸ். அது என்விடியாவிலும் ஓடும். இன்று இன்னொரு கேம் செய்யும் மென்பொருளான அன்ரியலின் நயாகரா, யூனிட்டியின் விஎஃப்எக்ஸ் கிராஃப் இரண்டும் இந்த வழியில்தான் பல இலட்சம் துகள்களை ஓட்டுகின்றன. எந்த நிறுவனத்தின் கார்டு என்று அவை கேட்பதில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இத்தகைய துகள்கள் பல நேரம் திரையில் வரையப்பட்ட ஆழத்தை வைத்து மோதலைக் கணக்கிடுகின்றன. கேமராவுக்குத் தெரியும் தரையில் மழைத்துளி தெறிக்கும். மேசைக்குப் பின்னால் மறைந்த தரை அதற்குத் தெரியாது, துளி ஊடுருவிப் போய்விடும். கார்டின் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

கன்சோலில் எப்படி?

பிஎஸ்3-இன் செல் சிப்பில் கேமுக்குக் கிடைத்த 6 சிறு செயலிகள் இயற்பியலுக்கு அருமையாகப் பொருந்தின. ஒவ்வொன்றுக்கும் 256 கேபி சொந்த நினைவகம் மட்டுமே என்பதால் நிரலாளர் தரவைத் துண்டு துண்டாக ஊட்ட வேண்டும். கடினமான வேலைதான், பலனும் பெரிது. 2014-இல் யூபிசாஃப்ட் பொறியாளர்கள் துணி அணிந்த நடனக்காரர்களை 5 மில்லிவிநாடிக்குள் எத்தனை பேர்வரை கணக்கிட முடிகிறது என்று ஒப்பிட்டுக் காட்டினார்கள். பிஎஸ்3-இல் 105 பேர். பிஎஸ்4-இன் சிபியூவில் 98 பேர். அதே பிஎஸ்4-இன் ஜிபியூவில் 1,600 பேர். புதிய கன்சோலின் சிபியூ இந்த வேலையில் பழையதைத் தாண்டவில்லை. ஏனென்றால் 2013-இல் வந்த பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் இருப்பது மெதுவான ஜாகுவார் கருக்கள். அதனால்தான் அந்தத் தலைமுறையில் துணியும் துகளும் ஜிபியூவுக்குக் குடிபெயர்ந்தன.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் 2013 முதல் எஎம்டி சிப் என்பதால் குடா இல்லை. கன்சோலில் ஃபிஸ்எக்ஸ் பெயர் தெரிந்தால் அது சிபியூவில் ஓடும் ஃபிஸ்எக்ஸ். ஸ்விட்சில் என்விடியா டெக்ரா இருந்தும், சிறிய ஜிபியூ முழுவதும் வரைவதற்கே தேவைப்படுகிறது. அதில் ஓடும் பிரெத் ஆஃப் த வைல்டு கேமில் பொருள்கள் உருண்டு மோதும் அழகெல்லாம் ஹேவொக்கின் கைவண்ணம்.

வீட்டில் கைப்பேசி மட்டும்தான். பத்து நிமிடத்தில் கேம் மெதுவாகி, பொருள்கள் விட்டுவிட்டு நகர்கின்றன. ஏன்?

சூடு. பிற்பகலில் தகரக் கூரைக்குக் கீழே அறை வெப்பமே 33, 34 பாகையைத் தொடும்போது, விசிறி இல்லாத கைப்பேசி தன்னைக் காத்துக்கொள்ளச் சிபியூ வேகத்தைக் குறைக்கிறது. கைப்பேசிக் கேம்களில் இயற்பியல் பெரும்பாலும் சிபியூவில்தான்.

அதற்குமேல் ஒரு சுழலும் சேர்ந்துகொள்ளும். இயற்பியல் 0.02 விநாடிக்கு ஒருமுறை ஓட வேண்டும் என்று கேம் முடிவு செய்திருக்கிறது. ஒரு படம் வரைய 0.05 விநாடி ஆனால், அதை ஈடுகட்ட அடுத்த படத்தில் இரண்டு மூன்று இயற்பியல் படிகள் ஓட வேண்டும். அதனால் அந்தப் படம் இன்னும் தாமதமாகும், அடுத்ததற்கு இன்னும் அதிகப் படிகள் சேரும்.

ஆடுபவர் செய்யக்கூடியவை: உறையைக் கழற்றுங்கள், மின்னூட்டிக்கொண்டே ஆடாதீர்கள், படவேகத்தை (விநாடிக்கு எத்தனை படம் என்பதை) 30-க்கு இறக்குங்கள். கேம் செய்பவர் யூனிட்டியின் 'டைம்' பக்கத்தில் 'மேக்சிமம் அலவ்டு டைம்ஸ்டெப்' எண்ணைப் பாருங்கள். இயல்பாக அது 0.3333. அதாவது ஒரே படத்தில் 16 படிகள்வரை ஓட அனுமதி. 0.06-க்கு இறக்கினால் 3 படிகளோடு நிற்கும். கேம் கொஞ்சம் மெதுவாக நகரும், ஆனால் உறையாது.

நல்ல மானிட்டர் மாட்டியபின் ஸ்கைரிமில் தட்டு, கூடை எல்லாம் தானாகப் பறக்கின்றன.

அந்தக் கேமில் ஹேவொக்கின் படிநேரம் 60 படவேகத்தை நம்பி அமைக்கப்பட்டது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கணக்கு பிசகுகிறது. எளிய தீர்வு, 60-இல் பூட்டுவது. இல்லையென்றால் கேமின் அமைப்புகள் உள்ள ஐஎன்ஐ கோப்பின் ஹேவொக் பகுதியில் 'எஃப்மேக்ஸ்டைம்' மதிப்பை 1-ஐப் படவேகத்தால் வகுத்து எழுதுங்கள். 60-க்கு 0.0166, 144-க்கு 0.0069. பிறகு படவேகத்தை அந்த எண்ணிலேயே பூட்டவும் வேண்டும்.

யூனிட்டியில் பூப்பந்துக் கேம் செய்கிறேன். ஸ்மாஷ் அடித்தால் பந்து வலைக்குள் புகுந்து போய்விடுகிறது.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மகிழ்ச்சி, ஏனென்றால் இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மணிக்கு 300 கிமீ என்றால் விநாடிக்கு 83 மீட்டர். யூனிட்டியின் 0.02 விநாடிப் படியில் பந்து 1.67 மீட்டர் தாண்டும். வலையை நெருங்கும்போது வேகம் பாதியானாலும் 80 செமீக்கு மேல். ஒரு படியில் வலைக்கு இந்தப் பக்கம், அடுத்த படியில் அந்தப் பக்கம். நடுவில் வலை இருந்ததே இயற்பியலுக்குத் தெரியாது. ரிஜிட்பாடியில் மோதல் கண்டறிதலை 'கண்டினியுவஸ் டைனமிக்' ஆக்குங்கள். அதோடு முந்தைய இடத்திலிருந்து இப்போதைய இடம்வரை ஒரு ரேகாஸ்ட் (வழியில் எதுவும் இடிக்கிறதா என்று பார்க்கும் கோடு) விட்டுப் பாருங்கள். வலையின் மோதல் பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாமல் 10 செமீ தடிப்பாக்குவதும் உதவும்.

அடுத்து, காற்றுத் தடை. யூனிட்டியின் இயல்பான 'டிராக்' வேகத்துக்கு நேர் விகிதம். பூப்பந்துக்கு வேகத்தின் இருபடி வேண்டும். பந்து 5 கிராம், நேராக விழும்போது அதன் உச்ச வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 6.8 மீட்டர். அந்த வேகத்தில் தடையும் எடையும் சமம் என்பதால், 0.005 × 9.81-ஐ 6.8-இன் இருபடியால் வகுத்தால் 0.00106 வரும். இந்த எண்ணை வேகத்தின் இருபடியால் பெருக்கி, எதிர்த்திசையில் விசையாகக் கொடுங்கள். இயல்பான 'டிராக்'கைப் பூச்சியமாக்க மறக்காதீர்கள்.

இந்த நிரலை, படத்துக்கு ஒருமுறை ஓடும் 'அப்டேட்'டில் எழுதாமல், இயற்பியல் படிக்கு ஒருமுறை ஓடும் 'ஃபிக்ஸ்டுஅப்டேட்'டில் எழுத வேண்டும். ஒரு படியில் தடை விசை வேகத்தையே தாண்டிவிட்டால் பந்து திரும்பி அடித்தவரை நோக்கிப் பறக்கும். 83 மீட்டர் வேகத்தில் படிநேரம் 0.057 விநாடியைத் தாண்டினால் அப்படி ஆகும். மெதுவான கைப்பேசியில் மட்டும் வருகிற விந்தையான பிழை என்று பலர் தேடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதுதான்.

இரண்டு கைப்பேசியில் ஒரே அடி அடித்தால் பந்து வேறு வேறு இடத்தில் விழுகிறதே?

தசம எண்களைப் பெருக்கிக் கூட்டும்போது கடைசி இலக்கத்தை ஒவ்வொரு சிபியூவுக்கான நிரலும் வேறு விதமாக மழுக்கலாம். சில மோதல்களுக்குப்பின் அந்தத் துளி வேறுபாடு மீட்டர் கணக்கில் வளர்ந்துவிடும். இணைய ஆட்டத்தில் ஒரு கருவியை நடுவராக வைத்து, அதன் விடையை மற்றதற்கு அனுப்புங்கள். இரண்டிலும் தனித்தனியாகக் கணக்கிட்டே ஆக வேண்டும் என்றால், ஜோல்ட் என்ற இயற்பியல் இயந்திரத்தில் எல்லாத் தளத்திலும் ஒரே விடை தரும் தேர்வு உண்டு. சற்று வேகம் குறையும்.

பள்ளித் திட்டத்துக்கு, 8 ஜிபி மடிக்கணினியில், எதைப் பயன்படுத்துவது?

கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருள். இலவசம், எடை குறைவு. 4.4 பதிப்பு முதல் ஜோல்ட் உள்ளேயே வருகிறது. திட்ட அமைப்பில் 'பிசிக்ஸ்', '3டி' என்று போய் இயந்திரம் 'ஜோல்ட்' என இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். இரு பரிமாணக் கேம் என்றால் இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம், எந்தச் சிபியூவுக்கும் அது சின்ன வேலை.

அப்படியானால் எங்கள் பையனுக்கு எதில் செலவு செய்வது?

நல்ல 6 கருச் சிபியூ, இரண்டு துண்டாகப் போட்ட 16 ஜிபி ராம், பிறகு மிச்சப் பணத்துக்கு ஏற்ற கார்டு என்ற வரிசையில் போங்கள். ராமை ஒரே துண்டாகப் போட்டால் சிபியூவுக்குத் தரவு வரும் பாதை பாதியாகிறது, அதனால் பல கேம்களில் இயற்பியலும் படவேகமும் அடிவாங்கும். பயன்படுத்திய கார்டு வாங்குவதானால், விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கேமை ஓடவிட்டு வெப்பத்தைப் பாருங்கள். குளிரூட்டிய அறையிலேயே 85 பாகையைத் தொட்டால், நம் வீட்டுப் பிற்பகலில் அது வேகத்தைக் குறைத்துவிடும். வெப்பப் பசை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.